"அப்பாவுக்கு" என்று சொன்னால் போதும்

ஊறிய வாழைப்பழத் தோலும் ஈர மண்ணும் கலந்தாற்போல ஒரு புளித்த நெடி, அதன்மேல் மிளகாய்த்தூள் தூவிய பட்டாணிச் சுண்டலின் வாசனை. மதுவிலக்கை எடுத்த வருடம், ஒரகடத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் ஏரிக்கரையில் திறந்த சாராயக் கடை என் மூக்கில் இப்படித்தான் தங்கியிருக்கிறது. அப்போது எனக்குப் பதினொரு வயது, அண்ணன் தனபாலுக்குப் பதினான்கு. எதையும் எண்ணிப் பார்க்கும் வியாதி எனக்கு அன்றே உண்டு. அண்ணன் அந்தக் கடைக்குப் போனதை நாற்பத்தோரு தடவை வரை எண்ணினேன். அதற்குமேல் எண்ணப் பயமாக இருந்தது.

கடையில் அவன் சொன்னது ஒரே சொல்: "அப்பாவுக்கு." பெரியவர்களுக்காகப் பையன்கள் தூக்குப் பாத்திரம் எடுத்துப்போய் வாங்கி வருவது அன்றைய வழக்கம் என்பதால், கடைக்காரர் மறுபேச்சில்லாமல் ஊற்றுவார். அண்ணன் கரையின் மறுபக்கம் இறங்கிக் குடிப்பான். என் வாயை அடைக்க ஒரு பொட்டலம் சுண்டல். எங்கள் அப்பாவோ வெற்றிலைகூடப் போடாதவர்.

ஊரில் இதைப் பார்க்காதவர் இல்லை. ஆனால் ஒரு மனிதர் தன் வீட்டுக்குள் வைத்துக் குடிப்பதை அவர் முகத்துக்கு நேரே கேட்பது மரியாதையாகாது என்று, எல்லோரும் சேர்ந்து அப்பாவின் மானத்தைக் காப்பாற்றினார்கள். மறுவருடம் கூழ் ஊற்றும் திருவிழாவில்தான் அது உடைந்தது. யாரோ நீட்டிய கிளாஸை அப்பா தள்ளிவிட, பக்கத்து நிலத்துக்காரர் சிரித்தார்.

"இன்னாண்ணே, தெனம் புள்ளைய அனுப்பி வாங்கினுகீறீங்க, எங்க கையால குட்த்தா மட்டும் கசக்குதா?"

அன்று அப்பா அண்ணனை அடித்தார். அதற்குள் காலையில் பேனா பிடிக்கும்போதே அண்ணனுக்குக் கை நடுங்கத் தொடங்கியிருந்தது. ஒன்பதாம் வகுப்பை அவன் முடிக்கவில்லை. முப்பத்திரண்டு வயதையும் முடிக்கவில்லை.

இப்போது எங்கள் ஊர் மதுக்கடை, கம்பெனி ஆட்களுக்கு வாடகைக்கு விட்ட அறைகள் வரிசையாக நிற்கும் தெருக்கோடியில் இருக்கிறது. இருபத்தொரு வயது ஆகாதவருக்கு விற்பதில்லை என்று பலகை தொங்குகிறது. பலகை எழுந்து வந்து யாரையும் நிறுத்தாது. அதனால் நான்கு மாதமாக, மாலை நான்கிலிருந்து ஏழு வரை, மகளிர் குழுப் பெண்கள் ஒன்பது பேர் முறைவைத்துத் தெருமுனையில் நிற்கிறார்கள். எனக்குச் சந்தோஷம் வரவேண்டும். வருவதென்னவோ வயிற்றெரிச்சல். அவர்கள் திருப்பி அனுப்பும் ஒவ்வொரு பயலைப் பார்க்கும்போதும், இவனுக்கு மட்டும் ஏன் ஒன்பது பேர் என்று மனம் பொருமுகிறது.

குழுத் தலைவி செல்வி கம்பெனி கேன்டீனில் முதல் ஷிப்ட் முடித்துவிட்டு வருகிறவள். ஒருநாள் என்னைப் பிடித்துக்கொண்டாள். "இன்னா தாத்தா, தெனம் வந்து எங்கள எண்ணினு போறீங்க, அட்டன்டன்ஸா? வந்து நில்லுங்க."

நின்றேன். மூன்றாம் நாள் ஐடிஐ சீருடையில் ஒரு பையன் வந்தான். பதினாறு, மிஞ்சினால் பதினேழு.

"அப்பாவுக்குக்கா," என்றான்.

செல்வி கைப்பேசியை எடுத்தாள். "அப்பாவுக்கா? இரு, இன்னா பிராண்டுன்னு அவரையே கேக்கறேன். உங்கப்பன் எங்க கேன்டீன்லதாண்டா தெனம் சாப்புடறாரு."

பையன் அவளை விட்டுவிட்டு என்மேல் பாய்ந்தான். "யோவ் பெருசு, உனக்கு இன்னாய்யா இங்க வேல? வூட்டுக்குப் போ!"

இருபது நிமிடத்தில் அவன் அப்பா வந்துவிட்டார், ஓவர்டைமைப் பாதியில் விட்டு, கழுத்தில் கம்பெனி அட்டையோடு. அடிக்கவில்லை. "ஏறுடா," என்றார். பையன் பைக்கின் பின்னால் ஏறிக்கொண்டான். திருப்பம்வரை அவர்களைப் பார்த்துக்கொண்டே நின்றேன். இரண்டு அறை விட்டிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

ஏரிக்கரைக் கடை இருந்த இடத்தில் இன்று கன்டெய்னர் லாரிகள் நிற்கின்றன. ஊற்றியவர், சுண்டல் விற்றவர், பார்த்தும் பேசாமல் போனவர்கள் யாரும் இப்போது இல்லை. அவர்களில் மிச்சம் நான் ஒருவன்தான். எங்கள் வீடு அந்தக் கடைக்குக் கூப்பிடு தூரம், முந்நூற்றுப் பன்னிரண்டு தப்படி. அப்பா அநேகமாக எல்லா மாலையும் வீட்டில்தான் இருந்தார்.