பின் சீட்டுக்குப் பின்னால் ஒரு பம்பு

எஞ்சின் நின்றால் பெட்ரோல் பம்பையும் நிறுத்திவிடும் அந்தச் சின்ன சுவிட்சை அப்பா உண்மையிலேயே பொருத்தினாரா, அல்லது பொருத்தியதாக அம்மாவிடம் சொன்னதோடு விட்டுவிட்டாரா? எனக்கு இன்னும் தெரியவில்லை. என்னிடம் மிஞ்சியிருப்பது ஒரு சத்தம்தான். கொடைக்கானல் காலைக் குளிரில் கண்ணாடியெல்லாம் பனி பூத்திருக்க, நானும் தம்பியும் ஒரே கம்பளிக்குள் ஒடுங்கி உட்கார்ந்திருக்கும்போது, எங்கள் முதுகுக்குப் பின்னால் டிக்கிக்கு அடியிலிருந்து வண்டு முரல்வதுபோல ஒரு ரீங்காரம் எழும். அதற்குப் பிறகுதான் முன்னால் எஞ்சின் உறுமும்.

அந்தக் கார் எங்கள் வசதிக்கு வாங்கக்கூடிய கார் இல்லை. அப்பா ஒரு எஸ்டேட் முதலாளியின் பங்களாவை நிர்வகித்து வந்தார். பந்தயப் பைத்தியமான அந்த முதலாளி, தன் பழைய அமெரிக்கக் காரில் எட்டு சிலிண்டர் கொண்ட ராட்சச எஞ்சின் ஒன்றையும் அதற்குப் பெட்ரோலைக் காற்றோடு கலந்து ஊட்டும் நாலு வாய் கார்புரேட்டர் ஒன்றையும் ஏற்றி வைத்திருந்தார். வெளிநாட்டிலுள்ள மகனிடம் நிரந்தரமாகப் போகும்போது அதை அப்பாவுக்கே கொடுத்துவிட்டார். ஊரில் அதற்கு ‘கப்பல்’ என்று பெயர். அப்பா அதைக் கல்யாண வண்டியாக ஓட்டினார். கொடைக்கானல் வீடுகளிலிருந்து பெண்ணையும் மாப்பிள்ளையையும் பழனிக்கு இறக்கிக்கொண்டு போய், முகூர்த்தம் முடிந்ததும் திரும்ப மேலே ஏற்றிக்கொண்டு வருவார். அம்மாவும் நாங்களும் கூடவே தொற்றிக்கொள்வோம்.

இறங்குவதில் கப்பலுக்குக் குறையே இல்லை. ஏறும்போதுதான் வம்பு. பழனி வெயிலில் காய்ந்துவிட்டு மலை ஏறினால், வழியிலுள்ள சவரிக்காடு வருவதற்குள் இருமும், திணறும், கடைசியில் ஏதாவது ஒரு வளைவில் செத்துவிடும். எஞ்சினோடு ஒட்டியிருந்த பழைய பம்புக்குள் பெட்ரோல் சூட்டில் ஆவியாகிவிடுவதால் வருவது இது. டிரைவர்கள் இதை ‘ஏர் லாக்’ என்பார்கள். அதற்கு அப்போது எல்லோருக்கும் தெரிந்த ஒரே வைத்தியம் ஈரத்துணி. அம்மா பழைய வேட்டிக் கிழிசலும் ஒரு கேன் தண்ணீரும் இல்லாமல் வண்டியில் ஏறமாட்டாள். பம்புக்கு அவள் பத்துப் போடுவாள். பட்டுப்புடவைக்காரர்கள் சாலையோரச் சுவரில் வரிசையாக உட்கார்ந்து காத்திருப்பார்கள்.

அப்படி நின்ற ஒரு நாள், வளைவைத் திரும்பிய பஸ் எங்கள் டிக்கியை உரசாத குறையாக நின்றது. பின் சீட்டில் தம்பி தூங்கிக்கொண்டிருந்தான். பஸ் டிரைவர் அப்பாவைத் திட்டிய வார்த்தைகளை நான் இங்கே எழுத முடியாது. அன்றோடு புதுப் பம்பு வாங்குவது என்று முடிவாயிற்று.

ஆனால் எந்தப் பம்பு? அந்த மழைக்காலம் முழுவதும் எங்கள் வீட்டில் வேறு பேச்சில்லை. அதே மாதிரி எஞ்சினில் மாட்டும் பெரிய பம்பு இந்தப் பக்கம் கிடைக்காது. கிடைத்தாலும் அதே சூடுதான். கரண்டில் ஓடும் பம்பு என்றால் பின்னால், டேங்குக்குப் பக்கத்தில், சூடில்லாத இடத்தில் மாட்டலாம். அது பெட்ரோலை இழுக்காமல் தள்ளும். “பெரிய எஞ்சினுக்கு நெறைய ஊத்தணும், ஆனா அழுத்தி ஊத்தக் கூடாது,” என்பார் அப்பா. அழுத்தம் கூடினால் கார்புரேட்டருக்குள் இருக்கும் அடைப்பான் மூடமுடியாமல் பெட்ரோல் வழியும். வழிந்தால் அது விழுவது கொதிக்கிற எஞ்சின் மேல். இந்த வாக்கியத்தை அவர் சாப்பாட்டின் நடுவில் சொல்லியிருக்க வேண்டாம். அம்மா அதன்பிறகு பழைய பம்புக்கு, ஒரு உறவுக்காரருக்குப் பரிவதுபோலப் பரிந்து பேச ஆரம்பித்தாள்.

பழனி கடைவீதியில் உதிரி பாகங்கள் விற்ற ராவுத்தர் ஒருவரிடம் வெளிநாட்டுக் கரண்ட் பம்பு ஒன்று வந்திருந்தது. அதைப் பார்க்க எல்லோருமாகவே போனோம். கூப்பிடும் முறையில் அப்பாவுக்கு அவர் மாமா, அவருக்கு அப்பா மாப்ளை. அந்த முறைக்கும் அப்பாவின் சந்தேகத்துக்கும் சம்பந்தமில்லை. அட்டைப்பெட்டியில் ஒட்டியிருந்த சீட்டு போலியோ என்று நகத்தால் கீறிப் பார்த்தார். திருகாணித் தலைகளில் முன்பே கழற்றிய தடம் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு கடைக்குப் பின்னாலிருந்த முற்றத்தில் பாட்டரியில் பம்பை ஓடவிட்டு, பாட்டில் நிறைய எத்தனை நேரமாகிறதென்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அழுத்தம் காட்டும் மீட்டரையும் வீட்டிலிருந்தே கொண்டுவந்திருந்தார், கடையிலிருந்த மீட்டரை நம்பாமல்.

“பொண்ணு பாக்கப் போனப்ப இம்புட்டு சோதிச்சியா மாப்ள?” என்றார் ராவுத்தர்.

“அப்ப சோதிக்காமத்தான மாமா இப்ப சிக்கிக்கிட்டுக் கெடக்கேன்.”

அம்மா சிரிக்கவில்லை. அவள் பார்வை பம்பின் மேலேயே இருந்தது. எங்களுக்காக ஆயக்குடிக் கொய்யாவை நறுக்கிக்கொண்டிருந்தவள், கத்தியைக் கீழே வைத்துவிட்டு ராவுத்தரிடம் நேராகவே கேட்டாள்.

“வண்டி கவுந்து எஞ்சின் நின்னுபோச்சுன்னா, இது நிக்குமாண்ணே, இல்ல பெட்ரோல ஊத்திக்கிட்டே கெடக்குமா?”

“சாவிய அணைச்சா நின்னுரும்,” என்று அப்பா முந்திக்கொண்டார்.

“கவுந்த வண்டியில சாவிய யாரு அணைப்பா?”

அதற்கென்று ஒரு சுவிட்சு உண்டு என்றார் ராவுத்தர். எஞ்சினுக்குள் ஆயில் அழுத்தம் இருக்கும்வரைதான் பம்புக்குக் கரண்ட் விடும். எஞ்சின் நின்றால் ஆயில் அழுத்தம் விழும், பம்பும் நிற்கும். “அத மாட்டாம இத ஓட்டாத மாப்ள. தங்கச்சி கேக்குறது ஞாயந்தான்.” அம்மா அந்தச் சுவிட்சைத் தன் கைப்பையில் போட்டுக்கொண்ட பிறகுதான் பம்பு கடையைவிட்டு வெளியே வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா கப்பலுக்கடியில் படுத்து எல்லாவற்றையும் மாட்டினார். சாயங்காலம் கையைத் துடைத்துக்கொண்டே, “போட்டாச்சு” என்றார். அதன்பின் கப்பல் மலையில் எங்கேயும் நிற்கவில்லை. தண்ணீர்க் கேன் வண்டியைவிட்டு இறங்கி, எங்கள் ரோஜாச் செடிகளுக்குப் போய்ச் சேர்ந்தது.

பல வருஷமாக ஓடாமல் கிடந்த கப்பலை இப்போது மீண்டும் எழுப்பிக்கொண்டிருப்பவன் தம்பி. போன மாதம் அவன் உற்சாகமாக எனக்கு விளக்கியபோதுதான் எனக்கு அந்தச் சந்தேகமே வந்தது. அந்தச் சுவிட்சு ஒழுங்காக இருந்தால், சாவியைத் திருப்பியதுமே பம்பு ஓடிவிடாதாம். ஸ்டார்ட்டரால் எஞ்சினைச் சுற்றவிட்ட பிறகுதான் ஓடுமாம். அப்படியானால் நாங்கள் கேட்ட ரீங்காரம்? எஞ்சினுக்கு முன்பே கேட்டதே அது. சுவிட்சு இருந்தும் அப்படிக் கேட்க ஒரே வழி, வாரக்கணக்கில் நின்ற வண்டிக்கு முதலில் பெட்ரோல் ஏற்ற அப்பா தனியாக ஒரு பொத்தான் வைத்திருக்க வேண்டும், பலர் வைப்பதுண்டாம். வைத்திருந்தாரா? நான் பார்த்ததில்லை. பார்த்திருக்கவும் முடியாது. மலை இறங்குவதற்குமுன், “கண்ண மூடி முருகனக் கும்பிட்டுக்கங்க” என்பார் அப்பா. நாங்கள் மூவரும் மூடிக்கொள்வோம். அந்த இருட்டில்தான் அந்தச் சத்தம் கேட்கும். பக்திக்காகத்தான் சொன்னாரா என்றுகூட இப்போது யோசிக்கிறேன். யோசித்ததற்காக என்னையே கடிந்துகொள்கிறேன்.

அப்பா இல்லை. ராவுத்தரின் கடை இருந்த இடத்தில் செல்போன் உறை விற்கிறார்கள். எலி கடித்த பழைய வயர்களையும் அவற்றோடு தொங்கியதையும், எது எதுவென்று பாராமல், தம்பி எனக்குச் சொல்லாமலே பிடுங்கி எறிந்துவிட்டான். பார்த்துத் தெரிந்துகொள்ள இருந்ததும் அதோடு போயிற்று. அம்மாவிடம் சுற்றி வளைத்துக் கேட்டேன். “அவரு போட்டேன்னு சொன்னாரு. அத நம்பித்தான ஒங்க ரெண்டு பேத்தையும் பின்னால ஏத்துனேன்,” என்றாள்.

என் மகளுக்குப் பழனியில் முடியிறக்க நாள் குறித்தாகிவிட்டது. கப்பலில்தான் போகவேண்டும் என்பது தம்பியின் ஆசை, அம்மாவின் ஆசையும்கூட. தம்பி வாங்கி மாட்டிய புதுப் பம்பும் டிக்கிக்கு அடியில் அதே இடத்தில்தான் இருக்கிறது. அதற்கு நேர் முன்னால் என் மகளின் சீட்டு. சுவிட்சைப் போட்டாயா என்று தம்பியிடம் கேட்டேன். “போட்டாச்சுக்கா. வெள்ளனே கெளம்பணும், நீ ஒன் சோலியப் பாரு,” என்றான்.

அவன் பொய் சொல்பவன் இல்லை. அப்பாவும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். வயர்களைப் பார்த்துப் புரிந்துகொள்ளத் தெரியாத ஒருத்தி, யாருடைய வாக்கையும் நம்பியிராமல், எஞ்சின் நின்றால் இந்தப் பம்பும் நிற்குமா என்று தன் கண்ணாலும் காதாலும் சோதித்துப் பார்ப்பது எப்படி? விவரம் தெரிந்தவர்கள் எனக்குச் சொல்லுங்கள், நாங்கள் கிளம்புவதற்குள்.