பாய் குடுத்த நூத்தியோரு டாலர்

இன்னிக்கு நீ கடைக்குப் போனேல்லம்மா, செவுத்துல ஒட்டியிருக்கற போட்டோவப் பாத்தியா? காபி டம்ளரோட சிரிக்கறாளே, அவ நம்ம கடைக்கார பாயோட பேத்தி! இங்க அமெரிக்கா காலேஜ்ல பாஸ்கெட் பால் ஆடறா. அந்தப் போட்டோவுக்கு நிக்க காபிப் பொடிக்காரன் காசு குடுத்தானாம். காலேஜும் சரின்னுடுச்சாம். உள்ள வந்து உக்காரு, மாவு பிசைஞ்சுக்கிட்டே சொல்றேன். அந்த மேடை மேல கவர் இருக்கு பாரு, அது பாய் குடுத்தது.

என் பேரனும் அதே காலேஜ்லதான் ஆடினான். எனக்கு எழுத்துத் தெரியாது. முதுகுல பதினாலு இருந்தா என் பேரன், அவ்வளவுதான். அந்தப் பதினாலு போட்ட சட்டைய ஆட்டம் நடக்கற வாசல்லயே காலேஜ்காரங்க விப்பாங்க. நானும் ஒண்ணு வாங்கிப் புடவைக்கு மேல போட்டுக்கிட்டேன். சிரிக்காத!

ஒரு ஆட்டத்துல கடைசிப் பந்தப் போட்டு ஜெயிச்சுட்டான். மறுநாள் கடைக்குப் போனா, பாய் கல்லாவ விட்டு எழுந்து வந்து நூத்தியோரு டாலர் வச்சு இந்தக் கவர அவன் கையில திணிச்சாரு. "ஜெயிச்ச புள்ளைய வெறுங்கையோட அனுப்பக் கூடாதும்மா"ன்னாரு. நல்ல மனுஷன். கறிவேப்பிலைக்கு என்கிட்ட ஒருநாளும் காசு வாங்கினதில்ல.

இந்தப் பய அதைக் கோச்கிட்ட போய்ப் பெருமையா சொல்லியிருக்கான். ஆட்டம் பாக்கறவங்ககிட்ட காசு வாங்கக் கூடாதாம், திருப்பிக் குடுக்கற வரைக்கும் ஆட முடியாதுன்னுட்டாரு. சனிக்கிழமை மேட்ச்! புள்ள சோறு தண்ணியில்லாம படுத்துட்டான். ஆசீர்வாதமா குடுத்ததை எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுத் திருப்பறது? நான்தான் போனேன்.

பாய் கவரப் பாத்துட்டு, "என்னம்மா, ஒரு டாலர் கொறையுதா?"ன்னு சிரிச்சாரு. விஷயத்தச் சொன்னதும் மூஞ்சி வாடிடுச்சு. "கல்யாணத்துல மண்டபக்காரனுக்குக் குடுக்கறோம், பந்தல்காரனுக்குக் குடுக்கறோம். மேளக்காரன் மட்டும் சும்மா வாசிக்கணுமா?"

"ஃபீஸ் வாங்காம சும்மா படிக்க வைக்கறாங்கல்ல பாய்?"

"மேளக்காரனுக்கும்தான் சோறு போடறோம். சோத்தோட அனுப்பிடறோமா?"

அப்புறம் அவரே கவர வாங்கிக் கல்லா மேல சொருகினாரு. "புள்ள ஆடட்டும்மா. படிப்பு முடிஞ்சதும் வந்து வாங்கிக்கச் சொல்லு"ன்னாரு. ரெண்டு வருஷம் அங்கயே இருந்துச்சு. பட்டம் வாங்கின அன்னிக்கு கறுப்பு அங்கியோட ஓடிப்போய் வாங்கிட்டு வந்தான். செலவழிக்க மனசு வராம என்கிட்ட குடுத்துட்டான். பாய் போய்ச் சேந்து மூணு வருஷம் ஆச்சு.

போன வாரம் அவர் பேத்தி ஜெயிச்சாளா, இதை அவ கையில குடுக்கப் போனேன். ரெண்டு அடி பின்னால போயிட்டா. "நோ பாட்டி, இப்ப ரூல் மாறிடுச்சுதான், ஆனாலும் சும்மா வாங்கக் கூடாது. ஏதாவது வேலை செஞ்சாதான் ஓகே. அதையும் காலேஜ்ல சொல்லணும்"னா.

விடுவேனா? "கோயில்ல விக்கறதுக்கு முறுக்கு சுடறேன்டி. நீ ஒண்ணக் கடிச்சுக்கிட்டு போட்டோவுக்கு நில்லு. அது வேலைதானே?"ன்னேன். போய்க் கேட்டிருக்கா. எழுதிக் குடுத்துட்டு வாங்கிக்கோன்னுட்டாங்களாம்! இப்ப வந்துடுவா. நீதான் போட்டோ எடுக்கணும்.

ஐயோ, எண்ணெய் புகையுது பாரு! அந்தக் கவர எடுத்து நீ கையில வச்சுக்கோம்மா, பாய் குடுத்ததுல எண்ணெய் தெறிச்சுடப் போவுது.