விபூதி போட்டுத் தேய்த்த கண்ணாடி

அடையாற்றங்கரை வீட்டை சர்க்கார் இடித்து, ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்து அடுக்குமாடிக்கு அனுப்பிய பிறகு, சுலோச்சனாவுக்கு வேலை வீடுகள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டன. பஸ் பிடித்து அவள் வந்து சேர்கிற வரைக்கும் யார் வீட்டில் பாத்திரம் காத்துக் கிடக்கும்? மிஞ்சியது மயிலாப்பூர் நீரஜா மாமி வீடு ஒன்றுதான். அதுவும் போனால் அடுப்பு எரியாது.

அன்றைக்கு வெள்ளிச் சாமான் தேய்க்கிற நாள். விளக்கு, பஞ்சபாத்திரம் எல்லாவற்றையும் விபூதி போட்டுத் துலக்கிவிட்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டு மூன்று மாடி ஏறினாள். மாடி அறையில் மாமியின் புருஷன் சுந்தரராமன் தன் தொலைநோக்கியைப் பிரித்துப் போட்டுவிட்டு எங்கேயோ போயிருந்தார். குழாய்க்குள் இருக்கும் தாம்பாள அகலக் கண்ணாடி மேஜைமேல் தூசியோடு கிடந்தது. வெள்ளி தேய்த்த துணி கையில். விபூதியும் அதில் அப்படியே இருந்தது. இதையும் முடித்துவிடுவோம் என்று அழுத்தித் தேய்த்தாள்.

சாயங்காலம் அவர் வந்தார்.

“பளபளன்னு கீது, பாருங்க சார்.”

அவர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். வட்டம் வட்டமாகக் கீறல். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“முகம் பாக்கற கண்ணாடிக்குப் பூச்சு பின்னாடி இருக்கும், சுலோச்சனா. இதுக்கு முன்பக்கத்துல இருக்கு. நட்சத்திரத்து வெளிச்சம் எத்தனையோ வருஷம் பிரயாணம் பண்ணி வந்து இதுல விழறது. இது அத்தனையையும் ஒரே இடத்துல சேத்துக் கொடுக்கணும். கீறினா சிதறிடும்.”

“அவ்ளோ தூரம் வர்து, இத்தினியூண்டு கீறல தாண்டாதா சார்?”

அவருக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. அதற்குள் மாமி மூச்சு வாங்க ஏறி வந்து கீறலைப் பார்த்துவிட்டாள்.

“பால்காரனைக்கூட இழுத்துண்டு வந்து சனி வளையம் காட்டுவேள். ஆத்துல வேலை பண்றவகிட்ட இதைத் தொடாதேன்னு ஒரு வார்த்தை சொல்லப்படாதோ?” என்று புருஷனைக் கடிந்துவிட்டு இந்தப் பக்கம் திரும்பினாள். “நீ நாளைலேர்ந்து வராதே.”

சுலோச்சனா படிப்பக்கம் திரும்பினாள்.

“மாடிக்குச் சொல்றேன். மாடிப் பக்கமே வராதே.”

“கீழ வர்லாமா மாமி?”

“பின்னே, பத்துப்பாத்திரத்தை நானா தேய்ப்பேன்?”

சுந்தரராமன் கண்ணாடியைப் பழைய வேட்டியில் சுற்ற ஆரம்பித்தார். புதுப் பூச்சுக்கு வெளியூர் அனுப்ப வேண்டுமாம். சுலோச்சனா சுவரைப் பிடித்தபடி இறங்கினாள். வேலை இருக்கிறது. மூன்று மாடிதான் இல்லை. இனி பஸ்ஸில் உட்கார ஒரு இடம் கிடைத்தால் போதும்.