நான் கேட்டபடி வந்த சொல்

பங்குனியில் லண்டனிலிருந்து மச்சான் அனுப்பிய மின்னஞ்சலில் இப்படி இருந்தது: “அமங் எண்டு போடுறதோ, அமங்ஸ்ட் எண்டு போடுறதோ? நீ சொல்லுறதுதான் முடிவு.”

எங்கள் ஊரான புங்குடுதீவைப் பற்றி நான் ஆங்கிலத்தில் எழுதிய வரலாற்றை அவன்தான் அங்கே அச்சிட்டான். இரண்டு சொல்லுக்கும் பொருள் ‘மத்தியில்’தான். பழைய தோரணை பிடிக்குமென்பதால் அமங்ஸ்டைக் கேட்டேன். ஒரு சொல்லுக்குக்கூட என்னைக் கேட்கிறானே என்று பூரித்தும் போனேன்.

குறிகட்டுவான் துறையில் புத்தகப் பொதியைப் பிரித்தபோது கடற்றொழிலாளி அந்தோனி ஓடி வந்தார். போர்க்கால இடம்பெயர்வின்போது ஊர்ச்சனத்தை வள்ளத்தில் ஏற்றிக் கரைசேர்த்து, கடைசிப் பயணத்தில் திரும்பாமற்போன அவருடைய தகப்பனுக்கு ஓர் அத்தியாயமே எழுதியிருந்தேன்.

“அப்பான்ர பேர் எந்தப் பக்கம், அண்ணை? நீங்களே வாசியுங்கோ. உங்கட இங்கிலீசு எனக்கு ஏலாது.”

புரட்டினேன். அமங்ஸ்ட் எல்லா இடத்திலும் இருந்தது. அந்த அத்தியாயம் இல்லை.

அந்தோனி என் முகத்தைப் பார்த்துவிட்டு வள்ளத்துக்குப் போய்விட்டார்.

மச்சானை அழைத்தேன். “அச்சடிக்கக் காசு தந்த ஆக்கள், எங்கட ஆக்களின்ர கதை மட்டும் போதும், கடற்கரை ஆக்களின்ர வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டினம்,” என்றான்.

“நான் சொல்லுறதுதான் முடிவு எண்டெல்லோ எழுதினனி?”

“அது இங்கிலீசுக்குத்தானே, மச்சான்.”

அப்படிச் சொன்ன ஆட்கள் உண்மையில் இருந்தார்களா, அவனே வெட்டினானா என்பதை இதுவரை என்னால் உறுதிப்படுத்த முடியவில்லை.