பனை உயரப் பட்டம்

போன ஞாயிறு கனடாவிலிருந்து ஜெறோம் முகம் காட்டிப் பேசுகிற அழைப்பில் வந்தான். அவனுக்குப் பின்னால் புல்வெளியில் சின்ன வெள்ளை விமானம் ஒன்று நின்றது. ஜெறோமுக்கு வேலை ஒரு கணினிக் கம்பனியில். ஆசைக்காக விமானம் ஓட்டப் படித்து, அனுமதிப் பத்திரமும் எடுத்து வைத்திருக்கிறான். அவனும் அவனைப் போன்ற பத்துப் பதினைந்து பேரும் அந்த ஒரு விமானத்தை முறை வைத்து எடுத்து ஓட்டுகிறார்கள்.

"என்னடா, வருசம் முழுக்க மேலைதான் நிக்கிறாய் போல," என்றேன்.

"எங்கை மாமா, இந்த வருசம் ஆறே ஆறு தரம்தான் ஏறினனான்."

காரணங்களை அடுக்கினான். அவனுக்கு லீவு சனி ஞாயிறில்தான். லீவு நாளில் முகில் மூடியிருக்கும். முகில் இல்லாவிட்டால் காற்றுக் குறுக்கே அடிக்கும். இரண்டும் வாய்த்தால் விமானம் வேறொருவரின் முறையில் போயிருக்கும். எல்லாம் சரிவந்த ஒரே ஒரு சனிக்கிழமை, மனைவியின் சித்தி மகள் பெரியபிள்ளையானதற்குச் சாமத்தியவீடு. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான்.

"சிரியுங்கோ. பெரிய மாமான்ர கறுப்புப் பட்டத்தைப் பார்த்துத்தானே எனக்கு இந்த விசரே பிடிச்சது."

அந்தக் கறுப்புப் பட்டத்தில் ஒரு விஷயம் இருக்கிறது. அதற்கு வருகிறேன். நான் சிரித்தது சாமத்தியவீட்டுக்கு இல்லை, அந்த ஆறு என்ற கணக்குக்கு. அவன் பெரிய மாமா அருளப்பு அண்ணைக்கும் எங்கள் ஊர் கரம்பொனில் பட்டம் ஏற்ற வருடத்துக்கு ஆறு தரம் வாய்த்தால் பெரிய காரியம்.

சண்டைக்கு இடம்பெயர்ந்திருந்த நாங்கள் தொண்ணூற்றாறில் ஊருக்குத் திரும்பியிருந்தோம். எனக்கு இருபத்திரண்டு வயது, கடற்றொழிலாளர் சங்கத்தில் எழுதுவினைஞர் வேலை. ஆங்கிலம் தெரிந்தவன் என்று ஊரில் பெயர். அந்தப் பெயரைக் காப்பாற்ற மேசை லாச்சிக்குள் ஓர் அகராதி வைத்திருந்தேன். அருளப்பு அண்ணை என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர், கடலுக்குப் போகிறவர். பட்டம் கட்டுவதில் அவரை அடிக்க ஆளில்லை. இதை வேறு யாரும் சொல்லுமுன் அவரே சொல்லிவிடுவார்.

இப்போதும் சோறு கொஞ்சம் குழைந்து போனால் எனக்கு அவர் வீட்டுக் குசினிதான் நினைவுக்கு வரும். பட்டத்துக்குச் சோற்றைத்தான் பசையாக மசிப்பார். ஆறடி எட்டுமூலைப் பட்டம், மூங்கில் சிலாகை, சிவப்பு ரிசுத்தாள், நீள வால். நெற்றியில் வில்லாகக் கட்டி நார் இழுத்துவிட்ட விண். காற்றுப் பிடித்ததும் அது கூவத் தொடங்கும். அந்தச் சத்தம் கேட்டால் ஊரில் பாதிப் பேர் கையில் இருந்த வேலையைப் போட்டுவிட்டு வெளியே வருவார்கள், நான் உட்பட.

ஆனால் அவர் விளையாட்டுக்காகப் பட்டம் விடவில்லை. அவருடைய தங்கை றெஜினா அக்கா, ஜெறோமின் தாய், காரைநகர்க்காரர் ஒருவரைக் காதலித்துக் கட்டிக்கொண்டு அங்கே போயிருந்தா. கரம்பொன் கரையில் நின்றால் கடலுக்கு அப்பால் எதிரே காரைநகர் தெரியும். தெரிந்து என்ன பலன்? ஊர்காவற்றுறையிலிருந்து ஆட்களை ஏற்றிப் போகிற, பாதை என்று நாங்கள் சொல்கிற மிதவை ஓடவில்லை. தரையால் சுற்றிப் போக இராணுவத்திடம் பாஸ் எடுக்கவேண்டும், பாஸ் கிடைத்தால் வாகனம் இராது. கடிதம் போய்ச் சேர மூன்று கிழமை. அதற்கிடையில் கடலில் ஒரு வெடிச் சத்தம் கேட்டால், அண்ணன் உயிரோடு இருக்கிறானா என்று அந்தக் கரையில் அந்த மனுசி துடிக்கும். அதற்குத்தான் பட்டம். பட்டம் ஏறினால் அண்ணன் சுகமாக இருக்கிறான் என்று அர்த்தம்.

அதைச் சொல்லி அவருக்காகக் கடிதம் எழுதிக் கொடுத்தவன் நான். "சிவப்புப் பட்டம் எண்டு எழுதும்," என்றார். நான் நாலும் யோசிக்கிற ஆள் அல்லவா? வழியில் கடிதத்தைப் பிரித்துப் பார்ப்பவர்கள் சிவப்பு என்றால் ஏதும் சங்கேதமென்று நினைப்பார்களே என்று, அந்தச் சொல்லை மட்டும் விட்டுவிட்டேன். 'ஞாயிறு பின்னேரம் பட்டம் விடுவேன், பார்' என்பதோடு கடிதம் போனது. என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

ஏன் ஞாயிறு? மற்ற நாட்களில் எல்லோரும் கடலில். ஞாயிறு பூசை நாள், எங்கள் சனம் தொழிலுக்குப் போகாது, பட்டம் ஏற்ற வேண்டிய மீன்பிடித் தங்கூசி நூலும் கரையில் சும்மா கிடக்கும். மழை விட்டுக் காற்று நிலைக்கத் தை பிறக்கவேண்டும். விபூதிப் புதன் வந்துவிட்டால் தபசுகாலம், பிறகு பட்டத்தைத் தொட்டால் அருளப்பு அண்ணையின் மனைவி சும்மா விடமாட்டா. இடையில் ஆறேழு ஞாயிறு. அதில் ஒன்று மழைக்கு, ஒன்று சுற்றிவளைப்புக்கு, ஒன்று செத்தவீட்டுக்கு. தவக்காலம் முந்தி வந்த ஒரு வருடம் இரண்டே இரண்டு ஞாயிறுதான் தேறியது.

எல்லாவற்றுக்கும் மேலே கடற்படை முகாமில் அனுமதி எடுக்கவேண்டும். முதல் விண்ணப்பத்தை அகராதியைப் புரட்டி இரண்டு நாள் எழுதினேன். 'மகிழ்ச்சியின் நிமித்தம் பட்டம் ஒன்றைப் பறக்கவிட' என்று பொருள்படும் ஆங்கிலம். அதிகாரி இரண்டு தரம் வாசித்துவிட்டுச் சிரித்தார். கையெழுத்தும் போட்டார். ஞாயிறு மட்டும், நாலு மணி முதல் ஆறு மணி வரை, ஒரேயொரு பட்டம், பனை உயரத்துக்கு மேல் போகக்கூடாது. துள்ளிக் குதித்துக்கொண்டு வந்து அருளப்பு அண்ணையிடம் கொடுத்தேன்.

"எந்தப் பனை எண்டு கேட்டனீரே?"

"கேக்கேல்லை."

"உமக்கு ஆங்கிலம் தெரிஞ்சு என்ன பிரயோசனம்? குட்டை வடலியும் பனைதான், கோயில் வளவிலை நிக்கிறதும் பனைதான்."

பிறகு இரண்டு பேருமாக ஊர் முழுக்க நடந்து, அண்ணாந்து அண்ணாந்து கழுத்து வலிக்க, ஆக உயர்ந்த பனையைக் கண்டுபிடித்தோம். அது கோயில் வளவுப் பனையேதான். அதற்குப் பக்கத்தில் நின்றுதான் ஒவ்வொரு வருடமும் விட்டார். பட்டம் பனையின் உச்சி வட்டைத் தொடப்போகும்போது நான் "காணும் அண்ணை, காணும்" என்று கத்தி நிறுத்தவேண்டும். சங்கத்தில் எனக்கிருந்த எந்தப் பொறுப்பையும்விட அதை நான் ஒழுங்காகச் செய்தேன்.

எங்களுக்கு எரிச்சல் மூட்ட இன்னொரு பட்டமும் இருந்தது. முகாமுக்குள்ளிருந்து யாரோ ஒரு சிப்பாய் ஞாயிறுகளில் ஒன்றை ஏற்றுவான். கறுப்புப் பொலித்தீனில் கட்டியது, வாலில்லை, விண்ணில்லை, ஒரு பக்கம் சரிந்தபடி நிற்கும். ஆனால் அவனுக்கு ஏது பனைக் கணக்கு? முகிலைத் தொடுமளவுக்கு விடுவான்.

"உது பட்டமே? ஆரோ மழைச்சட்டையைக் காயப் போட்டிருக்கிறாங்கள்," என்பார் அருளப்பு அண்ணை. சொல்லிவிட்டு, அது இறங்கும்வரை பார்த்துக்கொண்டும் இருப்பார்.

ஒரு வருடம் தை மாதத்தில் மூன்று நாள் கடலில் விடாமல் வெடிச் சத்தம். ஞாயிறு எல்லாம் ஓய்ந்துவிட்டது, ஆனால் எங்களுக்கு அனுமதி இல்லை என்றுவிட்டார்கள். அருளப்பு அண்ணை பட்டத்தைத் தூக்கிக்கொண்டு கரைக்கும் வீட்டுக்கும் நடந்தார். "அவள் பார்த்துக்கொண்டு நிப்பாள். ஒண்டும் ஏறேல்லை எண்டால் என்னைச் செத்துப்போனன் எண்டெல்லே நினைப்பாள்," என்றார். அவர் அழுததை நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான். நானும் கூடக்கூட நடந்தேன்.

பிறகு சமாதான காலம் வந்தது, பாதையும் ஓடியது. அடுத்த தையில் றெஜினா அக்கா பிள்ளைகளோடு வந்து இறங்கினா. அந்த வீட்டில் அன்றைக்குப் போல சத்தத்தையும் சிரிப்பையும் நான் முன்பின் கண்டதில்லை. நண்டுக் குழம்பும் புட்டும். சாப்பிட்ட கையோடு அக்கா கேட்டா:

"அண்ணை, உன்ர கறுப்புப் பட்டம் எங்கை? பிள்ளையளுக்குக் காட்டு."

"எந்தக் கறுப்…" என்று நான் தொடங்க, அருளப்பு அண்ணை என் காலை மிதித்தார்.

"வடிவெண்டு சொல்லமாட்டன்," என்று அக்கா தொடர்ந்தா. "முந்தி நீ கட்டுற மாதிரி இல்லை, வாலுமில்லை. சண்டைக்குள்ளை சாமான் கிடைச்சிராது எண்டு நினைச்சன். ஆனால் அண்ணை, மூண்டு நாள் வெடி கேட்டதெல்லே, அண்டைக்கு நான் பச்சைத் தண்ணியும் குடிக்கேல்லை. ஞாயிறு பின்னேரம் அது எழும்பினதைக் கண்டாப் பிறகுதான் அடுப்பே மூட்டினனான்."

அப்போதுதான் எங்கள் மண்டையில் ஏறியது. தை மாதத்துக் காற்று காரைநகர்ப் பக்கமிருந்து எங்கள் பக்கம் அடிக்கும். எங்கள் பட்டம் பின்னால் போய்ப் பனங்கூடலுக்குள் நின்றிருக்கிறது. அக்கரையிலிருந்து பார்த்தால் வெறும் பனைதான். காற்றைப் பிடித்துத் தொழில் செய்கிற மனுசனுக்கும் தெரியவில்லை, அகராதி பார்க்கிற எனக்கும் தெரியவில்லை. ஆறு வருடம் அந்த மனுசிக்கு ஆறுதல் கொடுத்தது மழைச்சட்டை.

அருளப்பு அண்ணை கோப்பையைப் பார்த்தபடி சொன்னார்: "அது கிழிஞ்சு போச்சுப் பிள்ளை. நாளைக்குப் புதுசு கட்டுவம்."

அடுத்த நாள் கறுப்புப் பொலித்தீன் வாங்கிவந்து அதே அலங்கோலத்தில் ஒன்று கட்டினார். வடிவாகக் கட்டிப் பழகிய கைக்குக் கோணலாகக் கட்டுவது லேசில்லை. மூன்று தரம் அவிழ்த்தார். சிவப்பு எட்டுமூலையை அலுமாரிக்குப் பின்னால் ஒளித்து வைத்தது நான். ஜெறோம் அப்போது சின்னப் பொடியன், அந்தக் கறுப்பின் நூலைப் பிடித்துக்கொண்டு அன்று முழுக்க இறக்கமாட்டேனென்று நின்றான்.

அக்கா திரும்பிப் போனபின் அருளப்பு அண்ணை ஒரு கூடை நண்டைத் தூக்கிக்கொண்டு என்னையும் இழுத்துக்கொண்டு முகாம் வாசலுக்குப் போனார். எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் பட்டம், கறுப்பு, நன்றி என்ற மூன்றையும் சொன்னேன். காவலுக்கு நின்றவனுக்கு விளங்க நேரம் எடுத்தது. பட்டம் விட்டவன் மாற்றலாகிப் போய் ஒரு வருடமாம். பெயரைக் கேட்டு வைக்கவேண்டுமென்று எங்களுக்குத் தோன்றவில்லை. நண்டை அவர்களிடமே கொடுத்துவிட்டு வந்தோம். வரும் வழியில், "வாலொண்டு கட்டியிருந்தானெண்டால் நேராய் நிண்டிருக்கும்," என்றார்.

இப்போது கரம்பொனில் எந்த நாளிலும் பட்டம் ஏறுகிறது, லைற் பூட்டி இரவிலும் நிற்கிறது. உயரம் என்ன என்று கேட்க ஆளில்லை. கோயில் வளவுப் பனை ஒரு மழைக்கு முறிந்து விழுந்தது. என் விண்ணப்பங்கள் சங்கத்துப் பழைய கோப்புகளோடு கறையானுக்குப் போயின. றெஜினா அக்கா கனடாவில் மகனோடு. அருளப்பு அண்ணை கண்ணை மூடி நாலு வருடம்.

அதனால்தான், சிரித்து முடித்தபின், ஜெறோமுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அவன் பின்னால் நின்ற விமானத்தை ஒருதரம் திரும்பிப் பார்த்தான்.

"நான் ஏறுற நாளிலை அம்மாவும் வாறவ மாமா. வேலிக்கரையிலை நிண்டு கை காட்டுவா. இறங்கி வந்து கேட்டால், நான் மூண்டு தரம் தலைக்கு மேலாலை போனனானாம். நான் அந்தப் பக்கமே வாறதில்லை. அது வேறை ஆரின்ரையோ விமானம்."

"அவவுக்குச் சொன்னனியே?"

"நீங்கள் சொன்னனீங்களே?" என்றான்.