நான் முன்னால், இவர் பின்னால்: லீ ஆற்றங்கரையில் ஒரு ஞாயிறு

இதை எழுத வேண்டும் என்று நினைத்து நான்கு வருடங்கள் போய்விட்டன. கொப்பியை எடுப்பேன், பிள்ளையார் சுழி போடுவேன், மூடி வைத்துவிட்டுச் சோறு வடிக்கப் போய்விடுவேன். ஓ.எல்., அதாவது பத்தாம் வகுப்பு வரைதான் படித்தவள், எழுதிப் பழக்கமில்லை என்பது ஒரு காரணம். பெரிய காரணம் என் கணவர். இது அவருடைய கண்ணைப் பற்றிய கதையும் கூட. அதை எங்கள் ஆட்களில் ஒருவருக்கும் சொல்லக் கூடாது என்று இருந்தவர் அவர். இப்போது அவரே எழுதச் சொல்லிவிட்டார். முருகனைக் கும்பிட்டுக்கொண்டு தொடங்குகிறேன்.

நாங்கள் லண்டனில் ஃபாரஸ்ட் கேட்டில் இருக்கிறோம். இவருக்கு நெடுநாளாகச் சீனி வருத்தம், நீரிழிவு. அது கண்ணுக்குள் போய், லேசர் அடித்தும் ஊசி போட்டும் நிற்கவில்லை. முழு இருட்டில்லை. ஓரத்தில் வெளிச்சமும் நிழலும் தெரியும், முன்னால் நிற்பவரின் முகம் தெரியாது. பிள்ளைகளைத் தவிர யாருக்கும் இதைச் சொல்லவில்லை. கோயிலில் இவருடைய கையைப் பிடித்தபடி நான் காதுக்குள் சொல்லுவேன்: "இடப்பக்கம் பாலா அண்ணை, பட்டு வேட்டி." இவர் உடனே, "ஆ, பாலா! பட்டு வேட்டியோட மாப்பிளை மாதிரி நிக்கிறீர்" என்பார். பார்வையுள்ளவர்கள்கூட அவ்வளவு கெட்டித்தனமாகக் கதைக்க மாட்டார்கள்.

ஆனால் நான் தீபம் தொட்டுக் கும்பிட ஒரு நிமிடம் விலகினால் போச்சு. சிரித்தவருக்குச் சிரிக்காமல், கை நீட்டியவருக்குக் கை கொடுக்காமல் நிற்பார். பெருமை பிடித்த மனிதன் என்று பெயர் வந்துவிட்டது. கடைசியில் கோயிலுக்குப் போவதையும் நிறுத்தினார். ஜன்னலோரக் கதிரையும் வானொலியும்தான் உலகம் என்று ஆகிவிட்டது.

கண் ஆஸ்பத்திரியில் ஒரு நேர்ஸ்தான் சொன்னார், டொட்டன்ஹாம் பக்கம் லீ ஆற்றங்கரையில் இரண்டு பேர் சேர்ந்து மிதிக்கும் சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும், காரும் பஸ்ஸும் வராத பாதை என்று. இவர் கேட்டது ஒன்றே ஒன்று.

"அங்கை எங்கட ஆக்கள் வருவினமோ?"

"ஆத்தங்கரைக்கு எங்கட ஆக்கள் என்னத்துக்கு வருகினம்? சாப்பாட்டுக் கடையுமில்லை, சேலைக் கடையுமில்லை" என்றேன்.

அதை நம்பித்தான் சம்மதித்தார்.

ஆனி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை ஒன்பது மணிக்கு ரயில் ஏறி, ஸ்ட்ராட்போர்டில் மாறி, டொட்டன்ஹாம் ஹேலில் இறங்கினோம். ஸ்டேஷனிலிருந்து ஆறு கொஞ்ச தூரம்தான். சைக்கிள் கொடுக்கும் இடத்தில் கையெல்லாம் பச்சை குத்திய ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை நின்றாள். ஒரு நாளைக்கு இருபத்தைந்து பவுண். சைக்கிளைப் பார்த்ததும் இரண்டடி பின்னால் போனேன். ஒரு கட்டில் நீளம்! பள்ளிக்கூட நாட்களில் ரியூஷனுக்குச் சைக்கிளில் போனவள்தான். லண்டனுக்கு வந்து இருபத்தேழு வருடத்தில் ஒரு நாளும் மிதித்ததில்லை.

"பார்வை உள்ளவர்தான் முன்னுக்கு இருக்க வேண்டும். திருப்புவதும் நிறுத்துவதும் அவர்" என்று அந்தப் பிள்ளை விளங்கப்படுத்தினாள்.

இவருடைய முகம் சுருங்கியது. யாழ்ப்பாணத்தில் கலியாணம் முடித்த புதிதில் என்னைப் பின் கரியரில் ஏற்றிக்கொண்டு ஊரெல்லாம் ஓடியவர்.

"பொம்பிளைக்குப் பின்னால குந்திக்கொண்டு போறதோ?" என்றார் தமிழில்.

"வேணுமெண்டா நீங்கள் முன்னால இருங்கோ. ரெண்டு பேரும் நேரா ஆத்துக்குள்ள போவம்" என்றேன்.

பின் ஆசனத்தைத் தடவிப் பார்த்தார்.

புறப்பட முன் நான் பையைத் திறந்து எலுமிச்சம்பழங்களை எடுத்தேன். புது வாகனம் எடுத்தால் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசித்துவிட்டுத்தானே ஓடுவோம். முன் சக்கரத்துக்கு ஒன்று, பின் சக்கரத்துக்கு ஒன்று வைத்து, பிடியில் சந்தனமும் குங்குமமும் பூசினேன். அந்தப் பிள்ளை வாயைத் திறந்தபடி பார்த்தாள். கண்ணூறு படாமல் இருக்க என்று எனக்குத் தெரிந்த இங்கிலிஷில் சொன்னேன்.

"வாடகைச் சைக்கிளுக்கு ஆரும் பூசை செய்வினமோ?" என்று இவர் முணுமுணுத்தார்.

"விழுந்தா உடையிறது எங்கட முழங்கால்தானே, வாடகை முழங்காலே?"

தள்ளிப் பார்த்தோம். பின் பழம் நசிந்தது. முன் பழம் நசியாமல் நழுவி, உருண்டு, ஒரு படகுக்கும் கரைக்கும் இடையில் போய் விழுந்தது. சத்தம் இவருக்குக் கேட்டுவிட்டது.

"பாத்தீரே? எலுமிச்சம்பழமே நீர் ஓடப்போறீர் எண்டு பயந்து ஆத்துக்குள்ள குதிச்சிட்டுது."

பல மாதங்களுக்குப் பிறகு இவர் பகிடி விட்டது அன்றுதான். எனக்குக் கண் கலங்கியது. நல்ல வேளை, இவருக்குத் தெரியாது.

இருவரும் ஒரே நேரத்தில் மிதிக்காவிட்டால் சைக்கிள் சரியும். நாலு தரம் சரிந்தோம். ஒன்று, இரண்டு என்று எண்ணிப் பார்த்தும் சரிவரவில்லை. பிறகு இவர் "முருகா!" என்று உரத்துச் சொல்ல, அந்தக் "கா"வில் இருவரும் அழுத்தினோம். சைக்கிள் நேராக நின்று ஓடியது. அன்று முழுவதும் ஒவ்வொரு புறப்பாட்டுக்கும் அதுதான் எங்கள் சத்தம். படகில் இருந்த நாய்களெல்லாம் பதிலுக்குக் குரைத்தன.

போகாதவர்களுக்காகப் பாதையைச் சொல்கிறேன். ஆறு என்றாலும் பாதி ஆறு, பாதி வெட்டிய கால்வாய். அதன் கரையோடு சரளைப் பாதை வடக்கே போகிறது. அந்தக் காலத்தில் தானியமும் மரமும் ஏற்றிய படகுகளைக் குதிரை கட்டி இழுத்த பாதையாம். முதலில் மாடிக் கட்டடங்கள், தொழிற்சாலைகள், மின்கம்பிக் கோபுரங்கள். பிக்கெட்ஸ் லொக் தாண்டியதும் நகரம் மெல்லக் கழன்று விழுகிறது. நீரை ஏற்றி இறக்கிப் படகுகளை விடும் கதவுகளுக்குத்தான் லொக் என்று பெயர். ஒவ்வொரு லொக்கிலும் ஒரு சிறு ஏற்றம் உண்டு. என் முழங்காலைக் கேட்டால் எத்தனை என்று சொல்லும்.

"இப்ப என்ன இருக்கு?" என்று இவர் கேட்பார்.

"நீட்டுப் படகு. பச்சை. கூரையில கீரை வளக்கினம்."

"என்ன கீரை?"

"ஓடுற சைக்கிளில இருந்து கீரை பாக்க ஏலுமே?"

"சரி. அடுத்தது?"

கோயிலில் நான் காதுக்குள் சொன்னதெல்லாம் இவர் மற்றவர்களை ஏய்ப்பதற்கு. இங்கே இவர் கேட்டதெல்லாம் தனக்காக. சொல்லச் சொல்ல எனக்கும் பார்வை கூடியது போல இருந்தது.

பதினொன்றரை மணிக்குப் பொண்டர்ஸ் எண்ட் தாண்டினோம். வலது கைப்பக்கம் நீண்டு உயர்ந்த புல் கரை. அதன் சரிவில் செம்மறிகள் மேய்கின்றன. அந்தக் கரைக்கு அப்பால்தான் பெரிய நீர்த்தேக்கம். பாதையிலிருந்து ஒரு துளித் தண்ணீர் தெரியாது.

"தண்ணி கிட்டவோ?" என்றார்.

"கரைக்குப் பின்னால. எனக்கும் தெரியேல்லை."

"அப்ப இதில நீரும் நானும் ஒண்டு" என்று சிரித்தார். பிறகு, "காத்து குளிருது. பெரிய தண்ணிதான்" என்றார். அவர் சொன்ன பிறகுதான் அந்தக் குளிரை நான் கவனித்தேன். நாங்கள் குழாயில் பிடித்துக் குடிக்கும் தண்ணீர் இப்படி எங்கள் தலைக்கு மேல் நிற்கிறது என்று அன்றுதான் அறிந்தேன்.

எம்25 நெடுஞ்சாலை தலைக்கு மேலே இரைந்தது. அதன் கீழே நாங்களும் இரண்டு வாத்துகளும் மட்டும். அதைக் கடந்தால் வயலும் மரங்களும். ஏறக்குறைய எட்டு மைல் ஓடி, வால்தம் அபி என்ற பழைய ஊருக்கு வந்தோம். அங்கே ஒரு பெரிய தேவாலயம். அதன் வெளியே, ஆயிரம் வருடங்களுக்கு முன் போரில் இறந்த ஓர் அரசனின் கல்லறை என்று ஒரு கல் வைத்திருக்கிறார்கள். அங்கே நின்ற ஒரு பெரியவர், அந்த அரசன் கண்ணில் அம்பு பாய்ந்து இறந்தார் என்று கதை உண்டு என்றார். நான் இவருக்கு அதைச் சொல்லத் தயங்கினேன். ஆனால் இவருக்கே கேட்டுவிட்டது.

"அவருக்கும் கண்ணிலதானோ பிரச்சினை? பாவம், அந்தக் காலத்தில லேசர் இல்லை" என்றார்.

உள்ளே போய் ஒரு மெழுகுதிரி ஏற்றினேன். எந்த வாசலில் நின்றாலும் கும்பிடுவது ஒருவரைத்தானே.

ஒரு மணியளவில் திரும்ப வெளிக்கிட்டு லொக்கடிக்கு வந்தோம். எங்கள் ஆட்கள் வரமாட்டார்கள் என்று நான் சொன்ன பொய் அங்கேதான் வெளித்தது. புல்லில் மடக்குக் கதிரை போட்டு, பிளாஸ்கும் ரோல்ஸும் பரப்பிக்கொண்டு மனைவியோடு இருந்தவர் யோகன். செவன் கிங்ஸில் இருப்பவர், எங்கள் கோயில் ஆள். அதற்கு இரண்டு வருடம் முன் தன் மகளின் கலியாணத்தில் வாசலில் நின்று கை நீட்ட, இவர் அவரைத் தாண்டிப் போனார். அன்றிலிருந்து யோகன் எங்களோடு கதைப்பதில்லை.

கோயில் என்றால் காதுக்குள் சொல்லியிருப்பேன். நான் முன்னால், இவர் பின்னால். எப்படிச் சொல்வது? பிரேக்கைப் பிடித்தேன்.

"ஓ, சிவமண்ணையோ?" யோகனுடைய குரலில் காரம். "மனிசியை மிதிக்க விட்டிட்டுப் பின்னால ராசா மாதிரிப் பவனியோ? இண்டைக்காவது எங்களைத் தெரியுதோ?"

வழக்கமான பொய் என் வாயில் தயாராக இருந்தது. இவருக்குத் தலையிடி, இவர் ஏதோ யோசனையில் என்று. நான் வாயைத் திறக்க முன் பின்னாலிருந்து குரல் வந்தது.

"தெரியேல்லை யோகன். குரலை வைச்சுத்தான் நீ எண்டு சொல்லுறன். எனக்குக் கண் போயிட்டுது."

யோகனின் மனைவி ரோல்ஸ் தட்டைக் கீழே வைத்தார். யோகன் எழும்பி வந்தார். இவருக்கு முன்னால் நின்று, என்ன செய்வதென்று தெரியாமல், தானே இவருடைய கையை எடுத்துப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப என்ர மகளின்ர கலியாணத்தில நான் கை நீட்ட, நீங்கள் மணவறைச் சோடினையைப் பாத்துக்கொண்டு போனது..."

"சோடினையும் தெரியேல்லையடா."

"ஐயோ அண்ணை. நான் உங்களை எவ்வளவு திட்டினனான் தெரியுமே?"

"தெரியும். காது நல்லாத்தான் வேலை செய்யுது."

முதலில் சிரித்தவர் யோகனின் மனைவிதான். பிறகு நால்வரும் சிரித்தோம். ரோல்ஸ் தின்றோம், தேத்தண்ணி குடித்தோம். யோகன் கண்ணைத் துடைத்ததை நான் இவருக்குச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை, கையை அவர் விடவேயில்லை.

திரும்பும் வழியில் இவருடைய மிதி பலமாக இருந்தது. ஏற்றங்களில் என் கால் சும்மா சுற்றியது. ரயிலில் வீட்டுக்கு வரும்போது, "வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போவம். ஆஸ்பத்திரியில தந்த வெள்ளைத் தடியை எங்கை வைச்சனீர்?" என்றார். ஃபாரஸ்ட் கேட்டில் இறங்கியபோது ரோட்டில் பஸ்ஸும் காரும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. காலையில் இதே இரைச்சலுக்கு என் கையை இறுக்கிப் பிடித்தவர், மாலையில் மெதுவாகத்தான் பிடித்திருந்தார்.

தடியோடு கோயிலுக்குப் போனோம். ஆட்கள் வந்து தங்கள் பெயரைச் சொல்லிக் கையைத் தந்தார்கள். அதோடு கதை முடிந்திருக்க வேண்டும். ஆனால் அது எங்களை விட வேகமாக ஓடிவிட்டது. ஆற்றங்கரையில் முருகன் இவருக்குக் கண்ணைத் திறந்துவிட்டார் என்று ஒரு பேச்சு. இவர் லொக்கில் முகம் கழுவினார், உடனே யோகன் தெரிந்தார் என்று இன்னொரு பேச்சு. வருடங்கள் போயும் அது நிற்கவில்லை. போன மாதம் குரோய்டனிலிருந்து ஒரு அம்மா போன் எடுத்து, எந்த லொக், தண்ணீர் கொண்டுவரப் போத்தல் போதுமா, பெரிய கான் வேண்டுமா என்று கேட்டார். அவவின் கணவருக்கும் சீனிதான். அவருக்கு வீண் ஆசை காட்டாமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கோ என்று மன்றாடிச் சொன்னேன். அன்று இரவுதான் இவர் சொன்னார்: "எழுதும். நடந்ததை எழுதும்."

முருகன் எங்களுக்குச் செய்ததற்கு நான் தினமும் விளக்கேற்றுகிறேன். அவர் செய்யாததை அவர் தலையில் கட்ட எனக்கு மனமில்லை. இதை வாசிக்கும் நீங்கள், இதுபோல வீட்டுக்குள் ஒளிந்திருக்கும் ஒருவருக்கு இதைச் சொல்லுங்கள். ஆனால் கூட்டாமல், குறைக்காமல் சொல்லுங்கள். அவருக்குக் கண் தெரியாது. முன்னால் இருந்து சைக்கிளை ஓட்டினது நான்.