என் அடுப்பில் ஏறாத மீன்

நீங்கள் பொய் சொன்னீர்கள், தலைவரே. கோயில் மண்டபத்தில் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு, "நேர்த்தியை முறிச்சு மீன் தின்னா ஒருத்தி, அதான் புருஷன் சயாமிலேருந்து திரும்பல" என்றீர்கள். பெயர் சொல்லவில்லை. நம் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் அது யார் என்று எல்லாருக்கும் தெரியும்.

நடந்ததை நானே எழுதுகிறேன்.

ஜப்பான்காரன் காலம். ரயில்வே பட்டறையில் வேலை பார்த்த என் கணவரைச் சயாமில் தண்டவாளம் போட ஏற்றிக்கொண்டு போனார்கள். மறுநாளே பத்துமலைக்கு நடந்தேன். அவர் திரும்பும்வரை என் அடுப்பில் மீன் ஏறாது என்று முருகனிடம் சொல்லிவிட்டு வந்தேன். அவருக்கு மீன் என்றால் உயிர். அதனால்தான் அதை நேர்ந்துகொண்டேன்.

அரிசி கிடைக்கவில்லை. காலையும் மாலையும் மரவள்ளிக் கிழங்கு. சில மாதங்களில் என் நான்கு வயது மகளின் கால்கள் வீங்கின. விரலால் அழுத்தினால் குழி அப்படியே நின்றது. ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் மருந்து இல்லை என்று கையை விரித்தார். "மீனாவது குடும்மா. வெறும் கிழங்குல பிள்ளை தாங்காது."

பக்கத்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த நாகூர்க்கார அம்மாவிடம் போய் அழுதேன். அவரை அக்கா முறையில் ராத்தா என்று கூப்பிடுவேன். அரிசி இல்லாமல் அவர் கடையும் மூடிக் கிடந்தது.

"என்னன்னு வேண்டிக்கிட்ட?"

"என் அடுப்புல மீன் ஏறாதுன்னு, ராத்தா."

"அட கூறுகெட்டவளே! என் அடுப்பு சும்மாத்தானே கெடக்கு? ஒங்க முருகன் இங்கயும் வந்தா சட்டியைத் தொறந்து பாக்கப் போறாரு?"

மறுநாள் விடிந்ததும் இருவரும் அம்பாங்குக்கு நடந்தோம். அங்கே ஈயம் தோண்டிக் கைவிட்ட பள்ளங்களில் தண்ணீர் நின்று ஏரி ஏரியாகக் கிடக்கும். அவற்றில் ஒன்றில்தான் அந்த மீன். சுண்டுவிரல் நீளம்கூட வராது. உடம்பு கண்ணாடி மாதிரி, உள்ளே குடல் தெரியும். வாலடியில் ஒரு சிவப்புப் புள்ளி. பக்கத்துக் குளத்தில் தேடினோம், இல்லை. பிறகு கிள்ளான் ஆற்றிலும் பார்த்தேன், இல்லை. அதன் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது.

வலைக்குப் பதில் என் கணவரின் வேட்டியை எடுத்துப் போயிருந்தேன். ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து, இடுப்பளவு தண்ணீரில் இழுத்தோம்.

"பாத்து இழுடி. கிழிஞ்சு போனா, ஒம் புருஷன் வந்து கேக்குறப்ப எங்க வீட்டுக்காரர் கைலியைத்தான் குடுக்கணும்" என்றார் ராத்தா. கணவர் போன பிறகு நான் சிரித்தது அன்றுதான்.

ராத்தாவின் அடுப்பில் எண்ணெய் இல்லாமல் வறுத்து, தலையும் முள்ளுமாக இடித்து, கிழங்குக் கஞ்சியில் கலந்து ஊட்டினோம். தீரத் தீர நடந்து போய்ப் பிடித்து வந்தோம். வீக்கம் மெல்ல வடிந்தது. ஒரு நாள் என் மகள் எழுந்து ராத்தாவின் கோழியைத் துரத்தினாள். கோழி கத்தியது, ராத்தா திட்டினார், நான் தரையில் உட்கார்ந்து அழுதேன்.

நானும் தின்றேன். ஒளிக்க ஒன்றுமில்லை. ராத்தாவின் அடுப்பு இல்லாவிட்டால் என் அடுப்பிலேயே ஏற்றியிருப்பேன்.

போர் முடிந்தது. சயாமிலிருந்து சிலர் வந்தார்கள். அவர் வரவில்லை. வேட்டி என்னிடம் இருக்கிறது.

ராத்தா இப்போது இல்லை. அந்தக் குளத்தை மண் கொட்டி மூடி வீடு கட்டிவிட்டார்கள். மீனும் அதோடு போயிருக்கும். என் மகள் இருக்கிறாள், அவளுக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள். பத்துமலைக்குப் போகும்போதெல்லாம் ராத்தாவுக்கும் அந்த மீனுக்கும் சேர்த்தே நன்றி சொல்லிவிட்டு வருகிறேன். முருகன் கோபித்ததாகத் தெரியவில்லை.

நீங்கள்தான் கோபிக்கிறீர்கள். சயாமுக்கு ஆள் எடுத்தபோது பட்டறையில் பட்டியலில் பெயர் எழுதிய கிராணி நீங்கள். உங்கள் தம்பி பெயரை அடித்துவிட்டு என் கணவர் பெயரை எழுதினீர்கள். அதைப் பார்த்த இரண்டு பேர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். வருகிற கூட்டத்தில் அதே ஒலிபெருக்கியைப் பிடித்து எல்லார் முன்னாலும் சொல்லுங்கள்: அவரைக் கொன்றது அந்த மீனா, உங்கள் பேனாவா?